கல்லூரியில் அநீதி நடந்தால் புகார் கொடுப்பது எப்படி? ராமநாதபுரம் கரையோர மாணவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

தொண்டியிலிருந்து சாயல்குடி வரை, இந்தப் பக்கம் ராமேஸ்வரம் வரை, கலைக் கல்லூரியோ சமுதாயக் கல்லூரியோ ஐ.டி.ஐ.யோ எதில் படித்தாலும் இந்த வழிமுறை உதவும். பாலியல் தொல்லை, சாதி சொல்லி இழிவுபடுத்துவது, ராகிங், மாற்றுத்திறனாளிக்குச் சேர வேண்டிய வசதியை மறுப்பது, சான்றிதழைத் தராமல் இழுப்பது எல்லாம் இதில் அடங்கும்.

மனு எழுத உதவி கேட்டு வருகிறவர்களிடம் திரும்பத் திரும்பப் பார்ப்பது இதுதான்: நடந்தது உண்மை, சாட்சியும் உண்டு, ஆனால் மூன்று நான்கு பேரிடம் வாயால் சொல்லிவிட்டுக் காத்திருந்திருக்கிறார்கள். தேதி போட்ட தாள் ஒன்றுகூடக் கையில் இருக்காது. அதற்குள் கெடு முடிந்திருக்கும். அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள்.

ஒரு விதிவிலக்கு. ஆபத்து இப்போதே இருக்கிறது என்றால் எதையும் எழுத உட்கார வேண்டாம். 112 அவசர அழைப்பு, 181 பெண்கள் உதவி எண், 18 வயதுக்கு உட்பட்டவர் என்றால் 1098. முதலில் பாதுகாப்பான இடம், அப்புறம் மீதி.

1. அன்றைக்கே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்

ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். தேதி, நேரம், இடம், யார் யார் இருந்தார்கள், என்ன நடந்தது. சொன்ன வார்த்தையைச் சொன்னபடியே எழுதுங்கள். அசிங்கமாக இருக்கிறதே என்று “தகாத வார்த்தை பேசினார்” என்று மழுப்பாதீர்கள். விசாரணையில் முதல் கேள்வியே “என்ன வார்த்தை?” என்பதாகத்தான் இருக்கும்.

நடந்து சில வாரம் ஆகிவிட்டது, தேதி நினைவில்லை என்றால் பதற வேண்டாம். ஏப்ரல் 15-ல் தடைக்காலம் தொடங்கிய வாரமா, ஏர்வாடி சந்தனக்கூட்டுக்கு முன்னாலா பின்னாலா, மாடல் எக்ஸாம் முடிந்த மறுநாளா என்று யோசித்துக் காலண்டரை வைத்துத் தேதியைப் பிடித்துவிடலாம். அப்படியும் உறுதியில்லை என்றால் “ஏறக்குறைய” என்று சேர்த்து எழுதுங்கள். தவறான தேதியை உறுதியாக எழுதினால் எதிர்த்தரப்பு அதைத்தான் முதலில் பிடிக்கும்.

2. சான்றுகளைப் பத்திரப்படுத்துங்கள்

வாட்ஸ்அப் செய்தி என்றால் ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது. அனுப்பியவரின் எண்ணும் தேதியும் தெரியும்படி எடுங்கள். அந்த உரையாடலைப் போனிலிருந்தும் அழிக்காதீர்கள். ஸ்கிரீன்ஷாட்டைப் போலி என்று சொல்லிவிடலாம். மூலச் செய்தி உள்ள போனைக் காட்டினால் அப்படிச் சொல்வது கடினம்.

நம் பக்கத்தில் வீட்டுக்கு ஒரு போன் என்பது சகஜம். அப்பா கடலுக்கு எடுத்துப் போவார், தம்பி கேம் விளையாடுவான். இடம் போதவில்லை என்று யாராவது எல்லாவற்றையும் அழித்துவிடுவார்கள். அதனால் அன்றைக்கே நம்பிக்கையான இன்னொருவருக்கும் அனுப்பி வையுங்கள்.

இன்னொன்றைப் பெரும்பாலும் யாரும் செய்வதில்லை. மனு கொடுப்பதற்கு முன்பே உங்கள் வருகைப்பதிவையும் இன்டர்னல் மார்க்கையும் படம் எடுத்து வையுங்கள். மனு கொடுத்த பிறகு மார்க் திடீரென்று குறைந்தால், முன்பு என்ன இருந்தது என்று காட்ட அது ஒன்றுதான் ஆதாரம்.

3. எந்த வகைப் புகார் என்று பிரியுங்கள்

எல்லாவற்றையும் ஒரே மனுவில் கொட்டி முதல்வருக்குக் கொடுப்பதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. ஒவ்வொரு வகைக்கும் குழு வேறு, சட்டம் வேறு, கெடு வேறு. முதல்வர் அதை யாருக்கு அனுப்புவது என்று தெரியாமலோ, தெரிந்தோ, மேசையில் வைத்துவிடுவார்.

*பாலியல் தொல்லை.* 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் எந்த நிறுவனத்திலும் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். அந்தச் சட்டத்தில் புகார் கொடுக்கும் பெண் அங்கே ஊழியராக இருக்க வேண்டியதில்லை, மாணவியும் கொடுக்கலாம். யு.ஜி.சி.யின் (பல்கலைக்கழக மானியக் குழு) கீழ் வரும் கல்லூரிகளுக்கு 2015-ஆம் ஆண்டு விதிமுறை என்று தனியாக ஒன்று உண்டு. அது ஆண் மாணவர்களும் திருநங்கை, திருநம்பியரும் பாதிக்கப்படலாம் என்பதைக் கணக்கில் எடுக்கிறது. கல்லூரி பஸ், களப்பயணம், பயிற்சிக்கு அனுப்பிய இடம் எல்லாம் வளாகத்தில் சேர்த்தி. “காலேஜுக்கு வெளிய நடந்தது, எங்களுக்குச் சம்பந்தமில்லை” என்று சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

*வயது 18-க்குக் கீழ் என்றால்* வழியே வேறு. ஐ.டி.ஐ. மாணவர்களும் கல்லூரி முதலாண்டு மாணவர்கள் சிலரும் பதினெட்டு முடியாதவர்கள். அவர்கள் மீதான பாலியல் குற்றம் போக்சோ சட்டத்தில் வரும். தகவல் தெரிந்தவர் போலீசுக்குச் சொல்லியே ஆக வேண்டும். மறைத்த நிறுவனத் தலைவருக்கு ஓராண்டு வரை சிறை உண்டு. கல்லூரிக் குழு விசாரித்து முடிக்கட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

*சாதி இழிவு.* கல்லூரியில் சம வாய்ப்புப் பிரிவும், பாகுபாடு பற்றிய புகாரைப் பார்க்க ஓர் அலுவலரும் இருக்க வேண்டும் என்று யு.ஜி.சி. 2012-லேயே விதி செய்தது. பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதி அல்லது பழங்குடியினராக இருந்து, செய்தவர் அப்படி இல்லாதவர் என்றால், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் போலீசிலும் புகார் கொடுக்கலாம். சாதி சொல்லித் திட்டியது பிறர் பார்க்கும் இடத்தில் நடந்ததா என்பது அங்கே முக்கியம். முதல் படியில் “யார் யார் இருந்தார்கள்” என்று எழுதச் சொன்னது இதற்கும்தான். இந்த வழக்கில் முதல் தகவல் அறிக்கை போட முன்விசாரணை தேவையில்லை. விசாரிக்கும் அதிகாரி டி.எஸ்.பி. நிலைக்குக் குறையக் கூடாது. உதவி எண் 14566.

*ராகிங்.* தமிழ்நாட்டில் 1997-லிருந்தே தனிச் சட்டம் இருக்கிறது. இரண்டாண்டு வரை சிறை, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம். தேசிய உதவி எண் 1800-180-5522 நாள் முழுதும் இயங்கும். அதில் பதிவாகும் புகார் கல்லூரிக்குத் திரும்பி வரும், கல்லூரி பதில் சொல்ல வேண்டும். எல்லா வகையிலும் இதுதான் வேகமாக நகர்கிறது.

*மாற்றுத்திறனாளி உரிமை.* 2016 சட்டப்படி அரசு, அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 சதவீத இடம் உண்டு. தேர்வில் எழுதுபவர் வைத்துக்கொள்ளத் தகுதி உள்ளவருக்கு மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரம் உண்டு. இதைத் தேர்வு அன்று கேட்டால் நடக்காது, மாற்றுத்திறனாளி அட்டையின் நகலோடு முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம்.

*கட்டணம், சான்றிதழ், டி.சி.* இதற்கு மாணவர் குறைதீர்க் குழு. 2023 விதிமுறைப்படி பதினைந்து வேலை நாளுக்குள் அறிக்கை தர வேண்டும். அதில் திருப்தி இல்லையென்றால் பதினைந்து நாளுக்குள் பல்கலைக்கழகத்தின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். உங்கள் சான்றிதழில் எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயர் வரும் என்று பாருங்கள். நம் மாவட்டக் கலை அறிவியல் கல்லூரிகள் பெரும்பாலும் காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை. சில சமுதாயக் கல்லூரிப் படிப்புகள் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் கீழ் வரும்.

ஒரே ஆள் இரண்டு வகைத் தவறும் செய்திருந்தால் இரண்டு மனு எழுதுங்கள். ஒன்றில் மற்றொன்றைக் குறிப்பிட்டால் போதும்.

4. குழுவில் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள்

இந்தப் படியிலிருந்து 8-ஆம் படி வரை வரும் குழு விதிகளும் கெடுவும் பாலியல் தொல்லைப் புகாரைப் பார்க்கும் உள்ளகப் புகார்க் குழுவுக்கானவை. உறுப்பினர் பெயர்களை நோட்டீஸ் போர்டிலும் கல்லூரி இணையதளத்திலும் போட்டிருக்க வேண்டும். படம் எடுங்கள். யு.ஜி.சி. விதிப்படி தலைவர் மூத்த பெண் ஆசிரியர், உறுப்பினரில் பாதிக்குக் குறையாமல் பெண்கள், வெளியிலிருந்து ஒருவர். புகாரில் மாணவர் சம்பந்தப்பட்டிருந்தால் மாணவர் பிரதிநிதிகளும் வேண்டும். முதல்வர் போன்ற நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர் உறுப்பினராக இருக்கக் கூடாது.

இதை ஏன் முன்பே பார்க்க வேண்டும்? நம் ஊர்களில் எல்லாரும் எல்லாருக்கும் சொந்தம். புகாருக்கு உள்ளானவரின் மைத்துனியே குழுவில் இருக்கலாம். அப்படி இருந்தால் மனுவிலேயே “இன்னார் உறவினர், அவரை இந்த விசாரணையிலிருந்து விலக்க வேண்டும்” என்று ஒரு வரி சேருங்கள். தீர்ப்பு வந்த பிறகு சொன்னால், தோற்றதால் சொல்கிறீர்கள் என்பார்கள்.

குழுவே இல்லை என்றாலும் வழி அடைபடாது. குழு அமைக்காத நிறுவனத்துக்கு ஐம்பதாயிரம் ரூபாய் வரை அபராதம் உண்டு. பத்துப் பேருக்குக் குறைவான ஊழியர் உள்ள சின்னப் பயிற்சி மையம், அல்லது புகாரே தாளாளர் மேல் என்றால் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவுக்கு எழுதலாம். அதற்கு மாவட்ட சமூக நல அலுவலகத்தை அணுகுங்கள்.

5. மனு எழுதுங்கள்

தமிழிலேயே எழுதலாம். ஆங்கிலத்தில் எழுதினால்தான் மதிப்பு என்று நினைத்து வேறு யாரிடமாவது கொடுத்து எழுத வைக்காதீர்கள். அவர் போட்ட ஆங்கில வார்த்தைக்கு நீங்கள் விசாரணையில் விளக்கம் சொல்ல வேண்டிவரும்.

ஒன்றரைப் பக்கம் போதும். வரிசை இப்படி:

பெறுநர்: “தலைவர், உள்ளகப் புகார்க் குழு” என்று குழுவின் பெயருக்கே. முதல்வருக்கு நகல்.

முதல் பத்தி: நான் யார், எந்தத் துறை, எந்த ஆண்டு, யார் மீது புகார்.

அடுத்து நடந்தவை, தேதி வரிசையில், ஒவ்வொன்றும் தனிப் பத்தியாக. உதாரணமாக: “12-ஆம் தேதி மாலை 4 மணியளவில் ஆய்வகத்தில் ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்கச் சென்றேன். கதவருகே இரு மாணவிகள் இருந்தனர். அவர்களை வெளியே போகச் சொல்லிவிட்டு என் கையைப் பிடித்தார். நான் உதறிவிட்டு வெளியே வந்தேன்.” இவ்வளவுதான். “அவர் எப்போதுமே இப்படித்தான், எல்லாருக்கும் தெரியும்” போன்ற வரிகளை நீக்குங்கள். அதை நிரூபிக்க வேண்டிய சுமை உங்கள் தலையில் விழும், நடந்த ஒன்றின் வலுவையும் அது குறைக்கும்.

பிறகு சாட்சிகள் பெயர். அவர்களிடம் முன்பே கேட்டுவிட்டு எழுதுங்கள். கேட்காமல் பெயர் போட்டால் பயந்து பின்வாங்குவார்கள்.

அப்புறம் இணைப்புகளின் பட்டியல்.

கடைசியில் கோரிக்கை. இதைப் பலர் எழுதுவதே இல்லை. “தக்க நடவடிக்கை எடுக்கவும்” என்று மட்டும் விட்டால், கூப்பிட்டு அறிவுரை சொன்னதையும் நடவடிக்கைக் கணக்கில் காட்டிவிடலாம். விசாரணை வேண்டும் என்று எழுதுங்கள். விசாரணை முடியும் வரை அவர் என் தேர்வுத்தாளைத் திருத்தக் கூடாது, இன்டர்னல் மார்க் போடக் கூடாது, என்னை நெருங்கக் கூடாது என்று எழுதுங்கள். இவற்றை யு.ஜி.சி. விதியே அனுமதிக்கிறது. தேவைப்பட்டால் மூன்று மாதம் வரை விடுப்பும் கேட்கலாம், வருகைப்பதிவில் உங்களுக்கு இழப்பு வராதபடி.

கெடு: நடந்த நாளிலிருந்து மூன்று மாதம். தொடர்ந்து நடந்தது என்றால் கடைசியாக நடந்த நாளிலிருந்து. காரணம் எழுதிக் கேட்டால் குழு இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். பாதிக்கப்பட்டவர் எழுத முடியாத நிலையில் இருந்தால் உறவினரோ தோழியோ அவருக்காகக் கொடுக்கலாம்.

6. கொடுத்து, ஒப்புகை வாங்குங்கள்

ஆறு பிரதி கேட்கிறது சட்ட விதி. ஏழாவதாக ஒன்று உங்களுக்கு. அந்த ஏழாவதில் பெற்றவரின் கையெழுத்து, தேதி, அலுவலக முத்திரை மூன்றும் வேண்டும். இந்த ஒரு தாள் இல்லாமல் போனதால்தான் பல புகார்கள் “அப்படி ஒன்றும் வரவில்லையே” என்ற பதிலில் முடிகின்றன.

“ஏம்மா, இதையெல்லாம் பேப்பர்ல எழுதணுமா? வாயால சொல்லு, நான் பாத்துக்கிறேன்” என்று அன்பாகத்தான் ஹெச்.ஓ.டி. சொல்வார். மரியாதையாகவே, “சரிங்க மேடம், இதையும் வச்சுக்கங்க” என்று தாளை நீட்டுங்கள். முத்திரை போட மறுத்தால் வாக்குவாதம் வேண்டாம். அன்றைக்கே தபால் நிலையத்தில் விரைவுத் தபாலில் அனுப்பி ரசீதை நோட்டில் ஒட்டுங்கள். போய்ச் சேர்ந்த விவரத்தை இணையத்தில் பார்த்து அச்செடுத்து வையுங்கள். கல்லூரி மின்னஞ்சலுக்கும் ஒரு நகல் அனுப்புங்கள்.

தனியாகப் போகாதீர்கள். அம்மாவோ அக்காவோ தோழியோ, யாராவது ஒருவர் கூட இருக்கட்டும்.

7. ஊரில் பேசி முடிக்கச் சொன்னால்

இந்தக் கரையில் இதுதான் கடினமான படி. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மனு கொடுத்த தகவல் நீங்கள் வீடு திரும்புமுன் ஊருக்கு வந்துவிடும். ஊர்க் கமிட்டியோ ஜமாஅத்தோ பங்குப் பேரவையோ, பெரியவர்கள் கூப்பிடுவார்கள். கெட்ட எண்ணம் என்று நினைக்க வேண்டாம். படகு, வலை, கடன் எல்லாவற்றிலும் அவர்கள்தான் ஊருக்கு வழக்குத் தீர்க்கிறார்கள். அதே பழக்கத்தில் இதையும் முடிக்கப் பார்ப்பார்கள்.

பேசப் போவதா வேண்டாமா என்பதைக் குடும்பம் முடிவு செய்யலாம். ஆனால் மூன்று விஷயத்தில் உறுதியாக இருங்கள். ஒன்று, கல்லூரி முத்திரை விழுவதற்கு முன் எந்தப் பேச்சுக்கும் போகாதீர்கள். இரண்டு கூட்டம் தள்ளிப்போனாலே ஒரு மாதம் ஓடிவிடும், கெடு உங்களுக்காக நிற்காது. இரண்டு, எந்த வெள்ளைத்தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள். மூன்று, பணம் வாங்காதீர்கள். சமரசத்துக்குச் சட்டத்திலேயே இடம் உண்டு. ஆனால் அதைப் பாதிக்கப்பட்ட பெண் தானாகக் கேட்க வேண்டும், குழுவின் மூலமாக நடக்க வேண்டும், பணத்தை அடிப்படையாக வைக்கக் கூடாது. போக்சோ வழக்கு ஊர் பேசி முடிக்கிற விஷயமே இல்லை.

வீட்டில் “படிப்பே வேணாம், இருந்துக்க” என்பார்கள். அம்மாக்களிடம் நான் எப்போதும் சொல்வது: படிப்பை நிறுத்தினால் தண்டனை யாருக்கு விழுகிறது என்று பாருங்கள். பெயர் வெளியே வராது என்பதையும் விளக்குங்கள். புகார்தாரரின் பெயர், சாட்சி, விசாரணை விவரம் எதையும் வெளியிடக் கூடாது என்று 2013 சட்டம் தடுக்கிறது. குழு உறுப்பினருக்கும் அது பொருந்தும். நீங்களும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடாதீர்கள்.

நிரூபிக்க முடியாவிட்டால் திருப்பி நம் மேல் வழக்கு வருமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். ஆதாரம் போதவில்லை என்பதை மட்டும் வைத்து அது பொய்ப் புகார் ஆகாது. சட்டத்திலேயே அப்படி எழுதியிருக்கிறது.

8. விசாரணைக்குப் போகும்போது

புகார் வந்த ஏழு நாளுக்குள் எதிர்த்தரப்புக்கு நகல் போக வேண்டும். அவர் பத்து நாளுக்குள் பதில் தர வேண்டும். விசாரணை 90 நாளுக்குள் முடிய வேண்டும். இந்த மூன்று தேதியையும் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள்.

விசாரணைக்கு வக்கீல் வைக்க முடியாது. அதனால் உங்கள் நோட்டை நீங்களே இரண்டு தடவை படித்துவிட்டுப் போங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். சொன்னதை எழுதிக் காட்டும்போது முழுவதும் வாசித்த பிறகே கையெழுத்து. ஒரு வரி மாறியிருந்தாலும் திருத்தச் சொல்லுங்கள். நேருக்கு நேர் உட்காரப் பயமாக இருந்தால் தனித்தனியாக விசாரிக்கும்படி எழுத்தில் கேளுங்கள்.

தக்க காரணமில்லாமல் தொடர்ந்து மூன்று முறை வராவிட்டால், முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டுக் குழு விசாரணையை நிறுத்திவிடலாம். நவம்பர், டிசம்பரில் புயல் எச்சரிக்கை வந்து பஸ் நின்றால் வர முடியாதுதான். ஆனால் அன்றைக்கே மெயிலிலோ செய்தியிலோ காரணம் எழுதி அனுப்பிவிடுங்கள்.

9. கல்லூரி அசையவில்லை என்றால்

முதலில் பழைய மனுவின் தேதியைக் குறிப்பிட்டு ஒரு நினைவூட்டல் கடிதம். அதற்கும் ஒப்புகை.

அடுத்து ஆட்சியர் அலுவலகம். திங்கள்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுக்கலாம், கட்டணம் இல்லை. பாம்பன், தங்கச்சிமடம் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் காலையிலேயே பஸ் ஏறிவிடுங்கள். முந்தைய மனுவின் நகல், ஒப்புகை, நினைவூட்டல் மூன்றையும் இணையுங்கள். முதல் மனுவே அங்கே கொடுத்தால் “கல்லூரியில் கொடுத்தீர்களா?” என்று திருப்பி அனுப்புவார்கள். வரும் மனு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். தமிழக முதலமைச்சரின் உதவி எண் 1100-லும் பதியலாம்.

போலீசுக்குப் போக கல்லூரிக் குழு முடிவுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கலாம். எந்தக் காவல் நிலையத்திலும் கொடுக்கலாம், எல்லை பார்க்காமல் வாங்க வேண்டும் என்று 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் சொல்கிறது. முதல் தகவல் அறிக்கையின் நகல் இலவசம். சி.எஸ்.ஆர். (புகாரைப் பெற்றதற்கான ரசீது) மட்டும் தந்தால் அதையும் வாங்கிக்கொண்டு, முதல் தகவல் அறிக்கை (எஃப்.ஐ.ஆர்.) எப்போது என்று கேளுங்கள்.

வக்கீல் செலவுக்குப் பயந்து நிற்க வேண்டாம். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள், எண் 15100.

குழுவின் முடிவு சரியில்லை என்றால் மேல்முறையீடு. 2013 சட்டம் 90 நாள் தருகிறது, யு.ஜி.சி. விதி 30 நாள்தான் தருகிறது. உங்கள் கல்லூரிக்கு எது என்று தேடிக்கொண்டிருக்காமல் 30 நாள் என்றே கணக்கு வையுங்கள். அறிக்கை கைக்கு வந்த தேதியை அதன் மேலேயே எழுதி, அந்த வாரமே சட்ட உதவி வக்கீலிடம் காட்டிவிடுங்கள்.